நீலகிரி உருளைக்கிழங்கில் பின்கருகல்: மருந்தை நம்புவதா, ரகத்தை நம்புவதா?

கார்போகத்து உருளைக்கிழங்கு மழையிலும் மூடுபனியிலும் நனைந்துகொண்டேதான் வளர்கிறது. 10 முதல் 20 டிகிரி வரை குளிர், காயாத இலை. பின்கருகல் நோய்க்கு இது போதும். இலை நுனியில் நீர்க்கோத்த புள்ளி தெரிந்து, காலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூசணமும் படர்ந்துவிட்டால் பத்து நாளுக்குள் தோட்டமே கருகிவிடக்கூடும்.

கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பின்கருகலை உண்டாக்கும் கிருமியான பைட்டோப்தோரா அசல் பூஞ்சை இல்லை, நீர்ப்பூஞ்சை வகை. அந்த மருந்து அதைத் தொடவே தொடாது.

மேன்கோசெப், போர்டோ கலவை இரண்டும் இலைமேல் படிந்து நின்று நோய் உள்ளே இறங்காமல் தடுப்பவை. இறங்கிய பிறகு அடித்துப் பயனில்லை. மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், கலக்குவது சுலபம். ஆனால் கனமழையில் கழுவிப் போகும், புதிதாக விடும் தளிருக்குப் பாதுகாப்பும் இல்லை. அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது திரும்ப அடிக்க வேண்டும். போர்டோ கலவை மழைக்கு நன்றாகவே ஒட்டி நிற்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோ. கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை வெந்துவிடும். அன்றன்றே கலந்து அன்றே அடிக்க ஆள் வேண்டும் என்பதுதான் சிரமம். வருஷா வருஷம் அடித்தால் தாமிரம் மண்ணில் தங்கிக்கொண்டே போகும் என்பதும் எனக்குக் கவலைதான்.

மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த மருந்து செடிக்குள் ஊடுருவி மேல்நோக்கி நகரும், தளிரையும் காக்கும். ஒரு காலத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் ஐரோப்பாவில் பரவிய ‘13 ஏ2’ என்ற நோய்க்கிருமி வகை 2010 வாக்கில் தென்னிந்தியாவிலும் பரவியிருந்தது. மெட்டலாக்சிலுக்கு அது அடங்குவதில்லை. எனவே ஊடுருவும் மருந்து வேண்டுமென்றால் சைமாக்சனில் அல்லது டைமெத்தோமார்ப் பக்கம் போவது நல்லது. சைமாக்சனில் அப்போதுதான் தொற்றிய நோயை அடக்கும், ஆனால் இலையில் சில நாள்தான் நிற்கும். டைமெத்தோமார்ப் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எதையும் தனியாக அடிக்காமல் மேன்கோசெப்போடு சேர்த்து, மாற்றி மாற்றி அடியுங்கள்.

இத்தனை மருந்துச் செலவையும் குறைக்கக்கூடியது ரகம்தான். என் ஓட்டு அதற்கே. 1968-ல் வந்த குஃப்ரி ஜோதிக்கு அன்று நல்ல எதிர்ப்புத் திறன் இருந்தது, கிருமி அதை உடைத்துவிட்டது. 1985-ல் நீலகிரிக்கென்றே வந்த குஃப்ரி சுவர்ணா, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவையும் தாங்குவது. குஃப்ரி கிர்தாரிக்கு எதிர்ப்பு அதிகம், ஆனால் அது வடக்கே இமயமலைப் பகுதிக்காக உருவாக்கியது. நம் மண்ணுக்கு எது பொருந்தும் என்று ஊட்டி அருகே உள்ள முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு விதைக்கிழங்கு வாங்குங்கள்.

அப்புறம், முக்கால்வாசி இலை கருகிவிட்டால் மேற்கொண்டு மருந்து அடிக்க வேண்டாம். தண்டை வெட்டி வெளியே அப்புறப்படுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தோண்டினால் கிழங்காவது அழுகாமல் கைக்கு வரும்.