பல நாட்டு இசைக்கலைஞர்கள் கூடித் தங்க: ஏற்காடா, சேலமா?

2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒன்பீட் போல, பல நாட்டு இசைக்கலைஞர்கள் சில வாரம் ஒன்றாகத் தங்கிப் புதிதாகச் செய்து பார்க்கும் முகாம் நம் பக்கம் நடந்தால் எங்கே வைக்கலாம்? பலரும் சட்டென்று ஏற்காடு என்பார்கள்.

காரணம் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைதி, ஒலிப்பதிவுக்கு வண்டிச் சத்தத் தொல்லை குறைவு.

ஆனால் தோல் கருவிக்கு மலை ஈரம் ஆகாது. பறையைத் தீயில் காய்ச்சி கணீரென்று ஏற்றி எடுத்து வந்தால், பனிமூட்டத்தில் கொஞ்ச நேரத்திலேயே தோல் தொய்ந்து ஓசை மந்தமாகிவிடும். மறுபடி வைக்கோலைக் கொளுத்த வேண்டும். அதுவரை கிட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சேலத்தில் வெயிலும் இரைச்சலும் அதிகம். சரி, ஆனால் ஆள் இருக்கிறார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் வந்தால் பம்பை, உடுக்கை, தவில், நாதஸ்வரம் எல்லாம் தெருவிலேயே கேட்கும். வாசிப்பவரைப் பகலில் முகாமுக்குக் கூப்பிடலாம். சாயங்காலம் அவர் தன் வாசிப்புக்குப் போய்விடுவார். அவரை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி வாரக்கணக்கில் மலையில் தங்க வைத்தால் பண்டிகை வருமானம் போய்விடும். அதற்கு ஈடு கொடுக்காமல் கூப்பிடுவது நியாயமே இல்லை.

என் ஓட்டு சேலத்துக்கு. தோல் கருவிகளைக் கீழேயே பதிந்துவிட்டு, குரலுக்கும் கம்பிக் கருவிகளுக்கும் மட்டும் கடைசி சில நாள் ஏற்காடு போகலாம்.