மூன்று மாதத்துக்கு ஒருக்கா "பழுதாகும்" சேர்வர்: திருகோணமலையில் கடை நடத்துகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

என்னிடம் நான்கு பில் இருக்கிறது. நான்கிலும் ஒரே வரி: "சேர்வர் ரிப்பெயார் – 7,500." நான்கும் ஏறக்குறைய தொண்ணூறு நாள் இடைவெளியில் வந்தவை. இதை நானே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நான் டவுனுக்குள் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, சீசனில் நிலாவெளிக் கடற்கரையிலும் கோட்டைக்குள் மான்களோடும் நின்று படம் எடுக்க ஆசைப்படுகிற வெளிநாட்டுச் சோடிகள், இதுதான் தொழில். அல்பம் வடிவமைக்கிறவர்கள் எல்லாரும் வெளியில் இருக்கிறார்கள்: மூதூரில் ஒரு பிள்ளை, மட்டக்களப்பில் இரண்டு பேர், வவுனியாவில் ஒருவர் என்று மொத்தம் ஏழு பேர். ஒரு கலியாணத்துக்கு ரோ ஃபைலும் வீடியோவுமாக 60 ஜிபிக்குக் குறையாது, கூகுள் டிரைவில் சும்மா கிடைப்பது 15 ஜிபி. அதனால் கடையிலேயே ஒரு எஃப்டிபி சேர்வர் (இணையம் வழியாக ஃபைல்களைப் போடவும் எடுக்கவும் விடுகிற கம்பியூட்டர்) போட்டுவிட்டால் அவரவர் தங்கள் பெயரில் உள்ளே வந்து எடுத்துக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் அங்கேயே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். யோசனை சரிதான். செய்து தரப் பிடித்த ஆள்தான் பிழை.

ஆளின் பெயரோ இடமோ எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். 2024 ஜனவரியில் பழைய கம்பியூட்டர் ஒன்றில் விண்டோஸ் மாதிரியான இயங்குதளமான உபுண்டுவைப் போட்டு, எஃப்டிபி சேர்வரை நடத்துகிற விஎஸ்எஃப்டிபிடி என்ற மென்பொருளை ஏற்றி, ஏழு பேருக்கும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கித் தந்தார். கூலி 85,000. அதோடு "சொஃப்ட்வெயார் லைசன்ஸ், வருசத்துக்கு 24,000" என்று ஒரு வரி. அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டேன். "அண்ணா, அது உங்களுக்குத் தேவைப்படாது, தெரியாமல் எதையாவது தட்டிவிட்டால் எல்லாம் போயிடும், ஏதும் என்றால் எனக்கு ஒரு கோல் எடுங்கோ" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வயரிங் செய்கிறவரிடம் நாம் போய் பியூஸ் பெட்டியின் சாவியைக் கேட்பதில்லையே என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பியூஸ் பெட்டி நம் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது, அதற்குப் பூட்டும் கிடையாது.

ஏப்ரலில் முதல் தடவை. காலையில் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வட்ஸ்அப்பில் "அண்ணா உள்ளே போக ஏலாது" என்று ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு வரி, 530, லொகின் இன்கரெக்ட். ஆளைக் கூப்பிட்டேன். வந்தார், கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் இருந்தார், "லைன் பிரச்சினை, சரிப்படுத்தியாச்சு" என்றார், எல்லாருக்கும் புதுப் பாஸ்வேர்ட் எழுதித் தந்தார், 7,500 வாங்கிக்கொண்டு போனார். ஜூலையில் அதே கதை, காரணம் மட்டும் "பாஸ்வேர்ட் ஃபைல் கரப்ட்". ஒக்டோபரில் வைரஸ். ஜனவரியில் "யாரோ ஹக் பண்ணப் பார்த்திருக்கிறான்". ஒவ்வொரு முறையும் புதுப் பாஸ்வேர்ட் கொடுத்ததால் பழைய பாஸ்வேர்டில்தான் ஏதோ கோளாறு என்று நாங்களும் நம்பிவிட்டோம். அந்த விசயத்தில் ஆள் கெட்டிக்காரர், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐந்தாவது தடவை 2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை, மூன்று அல்பம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம். இந்த முறை வந்தவர் சேர்வரைத் தொடக்கூட இல்லை. "அண்ணா, இந்த சொஃப்ட்வெயாரில் ஒரு பின்கதவு இருக்கு, உலகத்துக்கே தெரிஞ்ச விசயம், கூகுளில் தேடிப் பாருங்கோ. இனி இதை வைச்சிருக்க ஏலாது, புது சேர்வர் போடுவம், 185,000 வரும்" என்றார். நானும் தேடினேன். உண்மையிலேயே இருந்தது! அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை.

அக்காவின் மகன் பேராதனையில் படிக்கிறான். மறுநாள் இரவு அவனிடம் இதைச் சொல்ல, முதலில் சிரித்தான், அப்புறம் கோபப்பட்டான். "மாமா, அது 2011-இல் நடந்தது. அந்த மென்பொருளின் 2.3.4 பதிப்பை இறக்குகிற இடத்தில் யாரோ புகுந்து அதில் கதவு வைச்சிட்டாங்கள், யூசர் பெயருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு முகம் அடித்தால் திறக்கும், ஆனால் கெதியிலேயே கண்டுபிடிச்சு எடுத்திட்டாங்கள். உங்களிட்ட இருக்கிறது எந்தப் பதிப்பு?" பார்த்தால் எங்களுடையது 3.0.5. பதினான்கு வருசத்துக்கு முந்திய, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு உண்மையைக் காட்டி என்னிடம் 185,000 கேட்டிருக்கிறார். முழுப் பொய் என்றால் நான் கூகுளில் தேடியபோதே பிடிபட்டிருக்கும்.

அடுத்து அவன் கேட்டது, "லைசன்ஸுக்கு எவ்வளவு குடுத்தீங்கள்?" சொன்னேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. விஎஸ்எஃப்டிபிடி ஒரு இலவச மென்பொருளாம். கிறிஸ் எவன்ஸ் என்பவர் எழுதியது, ஜிபிஎல் உரிமத்தில் யாரும் காசு கொடுக்காமல் பாவிக்கலாம். உபுண்டுவும் அப்படித்தான். இரண்டு வருசத்துக்கு 48,000 கொடுத்திருக்கிறேன்.

சரி, இனிப் பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடையிலும் இதே இருக்கலாம். மருமகன் முதலில் சொல்லித்தந்தது இதுதான்: 530 என்று பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். சேர்வர் உயிரோடு இருந்து, எஃப்டிபிக்கு வாசலான 21-ஆம் போர்ட் திறந்திருந்து, உங்கள் பெயரைக் கேட்டபிறகுதான் அது "மாட்டேன்" என்கிறது. லைன் போயிருந்தால் பதிலே வராது, காத்திருந்து காத்திருந்து டைம் அவுட் ஆகும். உள்ளே போய்விட்டு ஃபைல் பட்டியல் மட்டும் வரவில்லை என்றால் அது பசிவ் போர்ட் (ஃபைல்கள் போய்வருகிற வேறு வாசல்கள்) சிக்கல், வேறு விசயம். ஆக, முதல் தடவை "லைன் பிரச்சினை" என்றபோதே அது பொய்.

இரண்டாவது விசயம், பாஸ்வேர்ட் பிழையாக இருந்தாலும், கணக்கு காலாவதியாகி இருந்தாலும், அந்த யூசருக்குக் கொடுத்த ஷெல் (கட்டளைகளை வாங்கி நடத்துகிற நிரல்) சேர்வரின் அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டாலும், வெளியில் இருப்பவருக்கு இந்த மென்பொருள் காட்டுவது அதே "லொகின் இன்கரெக்ட்" தான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், திருடனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்று. உண்மையான காரணம் சேர்வருக்குள் பதிவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்க்க அட்மினாக உள்ளே போகவேண்டும். அந்தச் சாவிதான் என்னிடம் இல்லையே!

ஆனால் பெட்டி என் மேசைக்குக் கீழேதானே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு மொனிட்டரையும் கீபோர்டையும் அதில் கொழுவி, மருமகன் வீடியோ கோலில் இருக்க, ரீஸ்டார்ட் செய்து தொடக்கத்திலேயே எஸ்கேப் கீயைத் தட்டி, வந்த பட்டியலில் ரிகவரி மோடுக்குப் போய், அதில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின்) என்ற வரியைத் தெரிவு செய்தோம். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. டிஸ்கை என்கிரிப்ட் பண்ணியிருந்தால் இது இவ்வளவு லேசாக நடந்திருக்காது, நல்லவேளை அவருக்கு அந்தளவு அக்கறை இல்லை. எனக்கென்று ஒரு அட்மின் கணக்கை உண்டாக்கிக்கொண்டு மறுபடி சாதாரணமாகத் திறந்தோம். எனக்குக் கட்டளை ஒன்றும் தெரியாது, அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், ஒரு தடவை "இடைவெளி" என்று சொன்னதை நான் எழுத்து என்று நினைத்து இரண்டு நிமிடம் கீபோர்டில் தேடினேன், அது வேறு கதை.

வார் கோப்புறைக்குள் லொக் என்ற கோப்புறை, அதற்குள் ஓத் டொட் லொக் என்ற கோப்பு. அதில் அன்று காலை மட்டக்களப்புப் பெடியன் உள்ளே வரப் பார்த்த நேரத்துக்கு நேரே தெளிவாக எழுதியிருந்தது: இந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது. பாஸ்வேர்ட் பிழை என்று இல்லை. கணக்கு காலாவதி!

அப்புறம் கணக்கின் காலக்கெடுவைக் காட்டுகிற கட்டளை: சி, எச், ஏ, ஜி, ஈ என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, சின்ன எல், மறுபடி இடைவெளி, யூசரின் பெயர். ஏழெட்டு வரி வந்தது. பாஸ்வேர்ட் காலாவதி என்ற வரிக்கு நேரே "ஒருபோதும் இல்லை". அதற்குச் சற்றுக் கீழே கணக்குக் காலாவதி என்ற வரிக்கு நேரே 2025 ஏப்ரல் 7. அடுத்த யூசர், அதே திகதி. ஏழு பேருக்கும் அதே திகதி. எட்டாவதாக ஒரு கணக்கு இருந்தது, அது அவருடையது, அதற்கு மட்டும் "ஒருபோதும் இல்லை". பாஸ்வேர்டுகளைச் சேமிக்கிற ஷாடோ என்ற கோப்பையும் மருமகன் திறக்கச் சொன்னான். ஏழு வரியிலும் கடைசிப் பக்கமாக 20185 என்ற ஒரே எண். 1970 ஜனவரி 1 இலிருந்து எண்ணினால் அத்தனையாவது நாள்தான் ஏப்ரல் 7 ஆம். நாள் எண்ணி வைத்திருக்கிறார் ஐயா, பஞ்சாங்கக்காரர் தோற்றார்.

பாஸ்வேர்ட் காலாவதியும் கணக்குக் காலாவதியும் வேறு வேறு. கணக்கு காலாவதியானால் பாஸ்வேர்டை ஆயிரம் தடவை மாற்றினாலும் உள்ளே போக முடியாது. அவர் வந்து செய்ததெல்லாம் திகதியை இன்னொரு தொண்ணூறு நாள் தள்ளிவைத்துவிட்டு, எங்களுக்குக் கண்துடைப்பாக ஒரு புதுப் பாஸ்வேர்ட் தந்தது. பழைய பதிவுக் கோப்புகள் சில கிழமைகளில் தானாக அழிந்துவிடுமாம், ஆனால் அவருடைய கணக்கில் தட்டிய கட்டளைகளின் வரலாறு அப்படியே கிடந்தது. அவர் தள்ளிவைத்த திகதிகள் ஜூலை, ஒக்டோபர், ஜனவரி, ஏப்ரல் என்று ஏழேழு வரியாக வரிசையில். அத்தனையையும் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

சரிசெய்ய எவ்வளவு நேரம் போனது என்றால், அதே கட்டளையில் சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஈ, அதன் பின் கழித்தல் ஒன்று, அப்புறம் பெயர். ஏழு தரம். ஐந்து நிமிடம் இல்லை. ஆறு பேர் உடனே உள்ளே வந்துவிட்டார்கள். மூதூர்ப் பிள்ளைக்கு மட்டும் அப்போதும் 530. எனக்கு மறுபடி பயம் பிடித்தது. பதிவைப் பார்த்தால் இம்முறை காலாவதி இல்லை, பாஸ்வேர்ட் பிழை. வட்ஸ்அப்பிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டியபோது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆளுக்குப் படங்களை அனுப்பி, இது என்ன என்று கேட்டேன். வொய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "அண்ணா, அது செக்யூரிட்டி பொலிசி, எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பம்." வெளியாட்களின் கணக்குக்குக் காலக்கெடு வைப்பது நல்ல பழக்கம்தான், மருமகனும் அதை ஒத்துக்கொண்டான். அப்படியென்றால் முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும், திகதி வந்ததும் வைரஸ் என்றும் ஹக் என்றும் கதைவிட்டுக் காசு வாங்கியிருக்கக் கூடாது. இதைத் திருப்பி எழுதினேன். நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது, பதில் வரவில்லை.

அவருடைய கணக்கை மூடிவிட்டோம். ரௌட்டரைப் பார்த்தால் அவர் வீட்டிலிருந்தே உள்ளே வருவதற்கு 22-ஆம் போர்ட்டையும் திறந்து வைத்திருந்தார், ரௌட்டரின் பாஸ்வேர்டும் அவர் போட்டதுதான். இரண்டையும் மாற்றினோம். எஃப்டிபி என்பது 1985-இல் வரையறுத்த நடைமுறை, பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே லைனில் போகும் என்று மருமகன் சொன்னதால் அடுத்த கிழமையே எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிற எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டோம், அதற்கும் தனியாகக் காசு இல்லை, உபுண்டுவோடு கிடைக்கிற ஓப்பன் எஸ்எஸ்எச் என்ற மென்பொருளிலேயே இருக்கிறது. மாறும்போது ஒரு நாள் சிக்கியது: பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட கையோடு இணைப்பை அறுத்துவிடும். உள்ளே வருகிற யூசரை வேறெங்கும் போகவிடாமல் பூட்டிவைக்கிற மேல் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமாம், வேறு யாரும் அதில் எழுதக்கூடாதாம், உள்ளே இன்னொரு கோப்புறை உண்டாக்கி அதைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதுவும் பதிவுக் கோப்பில் எழுதியிருந்தது.

காசு திரும்பி வருமா தெரியாது. பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம் என்று பக்கத்துக் கடை அண்ணன் சொன்னார். நான்கு பில்லும் கையில் இருப்பதால் செய்யத்தான் போகிறேன். லைசன்ஸுக்கு மட்டும் பில் இல்லை, வட்ஸ்அப்பில் "24 போட்டு விடுங்கோ" என்று கேட்டதுதான் இருக்கிறது.

இதை நண்பர்கள் சிலருக்குச் சொன்னதில் உப்புவெளியில் விடுதி நடத்துகிற ஒருவர் நேற்று இரவு கோல் எடுத்தார். அவருக்கும் அதே ஆள்தான் செய்து கொடுத்திருக்கிறார், அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒருக்கா 530 வருகிறதாம், அட்மின் பாஸ்வேர்ட் அவரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மொனிட்டரையும் கீபோர்டையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். மருமகனையும் வீடியோ கோலில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.