14 சாரணர்களும் ஒரு தண்ணீர் ஃபில்டரும்

போன சனிக்கிழமை எங்கள் சாரணர் குழுவைக் காட்டாற்றை ஒட்டிய பாதையில் 9 கிலோமீட்டர் நடக்கக் கூட்டிப் போனோம். 14 பிள்ளைகள், எல்லோருக்கும் 11, 12 வயது. இந்த ஃபில்டரை வாங்கியதே அதற்காகத்தான். ஒரு பை, அதன் வாயில் திருகும் கையடக்க உருளை, அவ்வளவுதான். பையில் ஆற்று நீரை மொண்டு பிழிந்தால் மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வருகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நாள் முழுவதற்கும் 3 லிட்டரை ஏற்றினால், 30 கிலோ இருக்கும் பிள்ளை தன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீராகவே சுமக்கும். அதனால் ஆளுக்கு ஒரு லிட்டரோடு கிளம்பி, மதியம் ஆற்றில் நிரப்பிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

வடிகட்டும் வேலையில் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் இழைகளின் துளை 0.1 மைக்ரான். பாக்டீரியாவும், ஜியார்டியா போன்ற வயிற்றைக் கெடுக்கும் ஒட்டுண்ணிகளும் அதைத் தாண்டாது. வைரஸ் தாண்டிவிடும், நீரில் கரைந்த பூச்சிமருந்தும் தாண்டிவிடும். ஆற்றின் மேல்பக்கம் ஊரோ வயலோ இருந்தால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எங்களுக்கு மேலே காடு மட்டும்தான். இருந்தாலும் பிள்ளைகள் விஷயம், குளோரின் மாத்திரையும் போட்டு அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்கக் கொடுத்தோம்.

சிக்கல் வேகத்தில்தான். முந்தின நாள் மழையில் ஆறு கலங்கியிருந்தது. முதல் பாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பியது. ஐந்தாவதற்கு ஆறு நிமிடம் பிழிந்தேன், கை கடுத்துப்போனது. கூடவே வந்த சிரிஞ்சில் நல்ல தண்ணீரை எடுத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அடைப்பு விலகுகிறது, ஆனால் இரண்டு பாட்டிலுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த ஒரு சிறுமி தன் ஸ்கார்ஃபை அவிழ்த்து நாலாக மடித்துப் பையின் வாயில் கட்டினாள். "இதுல மொண்டு பாருங்க சார்." துணியில் பழுப்பாக வண்டல் படிந்தது, அப்புறம் ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் அடைக்கவில்லை. எனக்குத் தோன்றாத யோசனை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அழுக்குப் பையைத் திருகும்போது அதன் மரையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அது கீழே இருக்கும் சுத்தமான பாட்டிலின் வாயில் விழுந்தால் வடிகட்டியதெல்லாம் வீண். எங்களுக்கு அப்படியே ஆனது. அந்த ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டோம். போதாததற்கு ஃபில்டரின் இரண்டு முனையும் ஒரே நிறம். இப்போது அழுக்கு முனையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

நாலைந்து பேர் போனால் தாராளமாக வாங்கலாம். பெரிய குழுவுக்கு, மரத்தில் தொங்கவிட்டால் தானாக வடியும் பெரிய பை வகைதான் சரி. அடுத்த நடைக்கு அதைத்தான் வாங்கப் போகிறேன், இது மாற்றுக்குக் கூட வரும். குளிர் பிரதேசத்துக்குக் கொண்டு போகிறவர்கள் இரவில் இதை உறைய விடாதீர்கள். நனைந்த இழை உறைந்தால் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது.