கிராமசபைத் தீர்மானமா, ஏரி தூர்வாருவதா?

வேலூர்ப் பக்கம் விளைநிலம் வீட்டு மனையாகாமல் காக்க, ஊராட்சி எதை முதலில் எடுப்பது?

செலவு: தீர்மானத்துக்குக் காசு வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எந்தக் கூட்டத்திலும் போடலாம்.
ஏரிக்குப் பணம் வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கரைத் தாண்டினால் நீர்வளத்துறையையும் கேட்க வேண்டும். வண்டல் மண்ணை விவசாயிகளே அனுமதி வாங்கி வயலுக்கு அள்ளினால் பாரம் கொஞ்சம் குறையும்.

நிலைப்பு: நில உபயோக மாற்றத்தை ஊராட்சி மட்டும் முடிவு செய்வதில்லை. அதனால் தீர்மானம் தனியாக நிற்காது. எதிர்ப்பு பதிவாகும், அவ்வளவுதான்.
ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறுகிற நிலத்தை யாரும் அவசரப்பட்டு விற்கமாட்டார்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் பெயர் எத்தனை நாளைக்கு?

எளிமை: சந்தேகமில்லை, தீர்மானம்தான்.

சாலையோரம் மனைக்கல் நட ஆரம்பித்துவிட்ட ஊர் என்றால் முதலில் தீர்மானம். கிணறு வற்றித் தரிசு பெருகும் ஊருக்கு ஏரி. அதிலும் கரையைச் சீர்செய்யும் முன், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைத் தூர்வார வேண்டும்.