பெரிய அலுமினிய ரேடியேட்டர் மாற்றி ஓட்டிய அனுபவம்

ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் வண்டி சூடேறிக்கொண்டிருந்த பிரச்சினை, ரேடியேட்டரைப் பெரிதாக்கியதும் நின்றது, இன்றுவரை திரும்ப வரவில்லை. ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறுகிற சூட்டை அது தீர்க்கவில்லை. அதைச் சரிசெய்தது ஃபேனும் ஃபேனைச் சுற்றியிருக்கிற ஷ்ரவுடும்தான் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கிற உறை). இரண்டும் வேறு வேறு நோய் என்று தெரியாமலேயே பலர் ரேடியேட்டரில் பணத்தைக் கொட்டுகிறார்கள், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி நிறைய ஓடிய பழைய பெட்ரோல் வண்டி. ஆட்கள் நிறைந்து, ஏசியும் ஓடி, நீளமான ஏற்றமும் வந்தால் போதும், சூடு ஏறிவிடும். டேஷ்போர்டு முள்ளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் கூலன்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு எவ்வளவோ ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், அது அசைவதற்குள் நிலைமை மோசமாகியிருக்கும். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கிற இணைப்பு) செருகுகிற சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கிவிடுங்கள், டிகிரி கணக்கில் சொல்லும். என் வண்டியில் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு) 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும், சமதளத்தில் 90-ஐ ஒட்டி நிற்கும். ஏற்றத்தில் அதுவே 110 வரை போனது.

110 என்றதும் தண்ணீர் கொதித்திருக்க வேண்டுமே என்று தோன்றும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் 106, 107 டிகிரியில் கொதிக்கும். ஆனால் 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குகிற ரேடியேட்டர் மூடி ஒழுங்காக அடைத்திருந்தால் கொதிநிலை 130-க்குப் பக்கத்தில் போய்விடும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போயிற்று. அதனால் ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன்னால் மூடியை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு வெந்நீரில் போட்டு, எந்தச் சூட்டில் திறக்கிறது, முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தேன். ஹெட் கேஸ்கெட்டுக்கு (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு), மூடி இருக்கும் வாயில் வைத்துப் பார்க்கிற அந்த நீலத் திரவச் சோதனை. எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிந்தால் நீலம் மஞ்சளாகும், இங்கே நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டும் புண்ணியமில்லை.

அப்புறம்தான் ரேடியேட்டர். எஞ்சின் சூடாக இருக்கும்போது லேசர் தெர்மாமீட்டரை அதன் முகத்தில் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு பட்டை மட்டும் சுற்றியுள்ள இடத்தைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தது. அங்கே உள்ள குழாய்கள் அடைத்துக்கொண்டு, கூலன்ட் அந்த வழியே போகவே இல்லை என்று அர்த்தம். கழற்றினால் இன்னொரு சங்கதி: ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற, ஏசியின் சூட்டை வெளியேற்றுகிற பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி, செத்த பூச்சி, சருகு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கீழ்ப்பக்கத்து ஃபின்கள் (குழாய்களுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய தகடுகள்) விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

இதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி அளவிலேயே புதிய ரேடியேட்டர் போட்டிருந்தாலும் எனக்குப் பெரும்பகுதி பலன் கிடைத்திருக்கும். பாரம் ஏற்றி ஏற்றத்தில் அடிக்கடி போகிறவன் என்பதாலும், பிளாஸ்டிக் டேங்கை அலுமினியக் கோரோடு (குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) மடித்துப் பிடித்திருக்கிற விளிம்பில் கசிவு வருவதைப் பார்த்துச் சலித்துப்போனதாலும்தான் முழு அலுமினியத்துக்குப் போனேன். பழைய கோர் 16 மில்லிமீட்டர், புதியது 36. கனம் இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் குளிர்ச்சி அப்படி இரட்டிப்பாகாது, ஏனென்றால் பின்வரிசைக் குழாய்களுக்குப் போய்ச் சேர்கிற காற்று முன்வரிசையிலேயே சூடாகிவிடுகிறது. அகலமோ உயரமோ கூட்ட இடம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனாலும் அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்ய முடிகிறது, ஃபின்களும் நன்றாக ஒட்டி நிற்கின்றன, எடையும் குறைவு.

மாட்டியதும் அதே ஏற்றம், அதே பாரம், ஏசியோடு: 97-க்கு மேல் போகவில்லை. நெரிசலில் மட்டும் முன்பு 96-ல் நின்றது 101-ஐத் தொட்டது! கனமான கோர் வழியாகக் காற்றை இழுக்க ஃபேன் கூடுதலாகத் திணறுகிறது, அதோடு பழைய ஷ்ரவுட் புதிய கோரோடு ஒட்டி உட்காராமல் ஓரங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஃபேன் அந்த இடைவெளி வழியே சுலபமாகக் கிடைக்கிற காற்றை இழுத்துக்கொண்டு கோரை விட்டுவிட்டது. ஓரம் முழுக்கச் சூடு தாங்கும் ஃபோம் பட்டை ஒட்டி, தேய்ந்த ஃபேன் மோட்டாரையும் மாற்றிய பிறகு நெரிசலில் 94, 95. உங்கள் வண்டி நின்றால் சூடாகி, ஓடினால் ஆறுகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓட ஓடச் சூடானால் ரேடியேட்டரைப் பாருங்கள்.

பொருத்தும்போது கீழே ரப்பர் மெத்தைகள் கட்டாயம். வெல்டிங் செய்த டேங்க் நேரடியாக இரும்பில் உட்கார்ந்தால் அதிர்விலேயே வெல்டிங் விரிசல் விடும். ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எஞ்சின் சூடேறாமலேயே ஓடி பெட்ரோலும் குடிக்கும், தேயவும் செய்யும். பெரிய ரேடியேட்டர் போட்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகுமோ என்ற பயமும் வேண்டாம். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கூலன்ட் அந்தப் பக்கம் போகவே போகாது.

கோடையும் மழையும் மாறி மாறி வந்து போய்விட்டன, வெல்டிங்கில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கல் பட்டு நாலைந்து ஃபின் மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்து அடித்தாலும் இப்படித்தான் மடியும், தள்ளி நின்று அடியுங்கள். அலுமினியத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் மட்டும்தான் ஊற்றுகிறேன். அவ்வப்போது எஞ்சின் ஆறிய பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையைக் கூலன்டில் தோய்த்துப் பார்ப்பேன். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் சரியில்லை, மின்சாரம் கூலன்ட் வழியாகப் போய் அலுமினியத்தை அரிக்க ஆரம்பித்துவிடும். போன முறை 0.1-க்கும் கீழே காட்டியது. அடுத்து மேல் ஹோஸை மாற்ற வேண்டும், கிளாம்ப் பக்கத்தில் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது.