ஆஃபர் லெட்டர் படித்துச் சொல்லும் மாம்பலத்து ஆடிட்டர்

ஐந்து வருடமாக ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஜாவா எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் வருடத்துக்கு 11 லட்சம். பெருங்குடி ஸ்டார்ட்அப் ஒன்றிலிருந்து 26 லட்சம் சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடுவதாகச் சொல்லும் மொத்தத் தொகை) என்று ஆஃபர் வந்ததும் அன்றைக்கே பேப்பர் போட்டிருப்பேன். சித்தப்பாதான் "எதுக்கும் நம்ம ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு" என்று மேற்கு மாம்பலத்துக்கு அனுப்பிவைத்தார்.

குறுகலான மாடிப்படி, நாடா கட்டிய ஃபைல்கள், சத்தம் போடும் ஃபேன். பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், சம்பளப் பிரிப்பு அட்டவணைமேல் சிவப்புப் பேனாவை வைத்தார்.

"இதுல மாசாமாசம் வர்ற காசு எவ்வளவும்மா?"

26-ஐப் பன்னிரண்டால் வகுத்து 2 லட்சத்துக்கு மேல் என்றேன். சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஃபிக்சட் 16 லட்சம்தான். ஜாயினிங் போனஸ் 1 லட்சம். ஒரு முறை வருவது, வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். வேரியபிள், அதாவது கூடவோ குறையவோ வரக்கூடியது, 1 லட்சம். மீதி 8 லட்சமும் ஈசாப், அதாவது கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. அதுவும் நான்கு வருடத்தில் சேருவதை முதல் வருடக் கணக்கிலேயே மொத்தமாக எழுதியிருந்தார்கள். நான் அந்த லெட்டரை நான்கு முறை படித்தவள்!

அந்த 16 லட்சத்திலும் கம்பெனி கட்டும் பிஎஃப் 21,600, கிராஜுவிட்டிக்கு 38,480 முதலிலேயே போய்விடுகிறது. என் பங்கு பிஎஃப், 2025–26 புதிய முறைப்படி வரி, தொழில் வரி எல்லாம் கழித்து மாதம் 1 லட்சத்து 17 ஆயிரம் சொச்சம் என்று ஓரத்தில் எழுதிக் காட்டினார். பழைய சம்பளத்தைவிட அதிகம்தான். ஆனால் நான் மனதுக்குள் வேளச்சேரியில் ஃபிளாட் வாங்கியிருந்தது 2 லட்சத்தை நம்பி.

ஈசாப்பை அவர் விளக்கிய விதத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். எனக்கு 4,000 ஆப்ஷன், ஒன்றுக்கு ஒரு பங்கு. ஒவ்வொன்றையும் 10 ரூபாய் கொடுத்து வாங்கலாம், இன்றைய மதிப்பு 210. முதல் வருடம் முடிந்ததும் 1,000 என் வசம் வரும். 10,000 ரூபாய் கட்டி அவற்றை வாங்கினால், விலை வித்தியாசம் 2 லட்சமும் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். என் கணக்குக்கு வரி 35 ஆயிரம் பக்கம். பங்கை விற்கவோ சந்தை இல்லை. அரசுச் சான்றிதழ் பெற்ற தகுதியுள்ள ஸ்டார்ட்அப் என்றால் இந்த வரியைச் சில வருடம் தள்ளிப்போட 2020 பட்ஜெட்டில் வழி வைத்தார்கள். வேலையை விட்டாலோ பங்கை விற்றாலோ உடனே கட்ட வேண்டும். வேலையை விட்டால் 90 நாளுக்குள் ஆப்ஷனுக்கான பங்கை வாங்கிவிட வேண்டும் என்ற வாசகம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அதையும் அவர்தான் வட்டமிட்டார்.

ஒரு குறை. ஈசாப்புக்கு நேராக அவர் பூஜ்யம் போட்டுவிட்டார், அதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்களே என்றேன். "அந்த ஐபிஓ விலை, முதல்முதலா பங்கை வித்த விலை, 36 டாலர். அப்புறம் எங்கே போச்சுன்னு பாத்தியாம்மா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், பாதிக்கும் கீழே. இருந்தாலும் பூஜ்யம் இல்லையே சார்!

ஃபீஸ் 1,500 ரூபாய், ஜிபே உண்டு, ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரசீதின் பின்பக்கத்தில் ஹெச்ஆரிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தார். ஈசாப்பில் பாதியைக் குறைத்து ஃபிக்சட்டைக் கூட்ட முடியுமா? கூட்டினார்கள், 18 லட்சம் ஆனது. 90 நாளை நீட்டிப்பீர்களா? முடியாது என்றார்கள். கம்பெனியின் மொத்தப் பங்குகள் எத்தனை என்ற மூன்றாவது கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

ஜூலையில் போகாதீர்கள். ரிட்டர்ன் கூட்டத்தில் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும்.