கடலோர ரெட்வுட், ராட்சத செக்கோயா, டான் ரெட்வுட்: எதை நடலாம்?

ரெட்வுட் வகை ஊசியிலை மரங்களை நட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைக் கேட்டுத்தான் மயங்குகிறார்கள். கலிபோர்னியாவில் நிற்கும் ஹைபீரியன் என்ற கடலோர ரெட்வுட் 115 மீட்டரைத் தாண்டிவிட்டது. உலகில் உயிரோடு நிற்கும் மரங்களில் அதைவிட உயரமானது அறியப்படவில்லை. சரி, தோட்டத்துக்கு அந்த உயரம் எதற்கு? முதலில் பார்க்க வேண்டியது கோடையில் மரத்துக்கு எவ்வளவு ஈரம் கிடைக்கும் என்பதைத்தான்.

கடலோர ரெட்வுட் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் தொடங்கி, கலிபோர்னியாவின் பிக் சர் பகுதி வரை ஒரு குறுகிய கரைப்பட்டையில் இயற்கையாக வளர்கிறது. அங்கே கோடையில் மழை அபூர்வம். கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி ஊசியிலைகளில் நீராகத் திரண்டு சொட்டி மண்ணை நனைக்கிறது, இலைகளும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன. மூடுபனி இல்லாத இடத்தில் அந்த வேலை நம் தலையில். இதற்கு ஆணிவேர் கிடையாது, வேர்கள் மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவும். அதனால் அடிமரத்தை ஒட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. கிளைகள் விரிந்திருக்கும் அகலம் முழுக்க நின்று நிதானமாக ஊற வேண்டும். உதிரும் இலையைக் கூட்டி அள்ளிவிடாதீர்கள், அதைவிட நல்ல மூடாக்கு இல்லை. உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது, இலை நுனி கருகும்.

ராட்சத செக்கோயா கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவைச் சேர்ந்த மலைமரம். கடலோர ரெட்வுட் தாங்காத கடுங்குளிரையும் தாங்கும். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். வெக்கையும் புழுக்கமும் மிகுந்த இடங்களில் பூஞ்சை நோய் கிளைகளைக் காயவைக்கும். அடிமரம் பருக்கிற பருமனைப் பார்த்தால், சின்ன இடத்தில் இதை நட நான் சொல்லமாட்டேன்.

டான் ரெட்வுட்டின் கதை வேறு. 1941இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகேரு மிகி புதைபடிவங்களை மட்டும் வைத்து இந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். அதே பத்தாண்டுக்குள் சீனாவில் உயிருள்ள மரங்கள் அடையாளம் காணப்பட்டன, 1948இல் விதைகள் பல நாடுகளுக்குப் போயின. கடுங்குளிர், சொதசொத மண் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும், வறட்சியைத்தான் பொறுக்காது. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். செத்துப்போச்சு என்று கோடாரியை எடுத்துவிடாதீர்கள்!

கோடை ஈரமும் மிதமான குளிரும் இருந்தால் கடலோர ரெட்வுட்டுக்கே என் ஓட்டு. ஊசியிலை மரங்களில் அரிதான குணம் ஒன்று இதற்கு உண்டு: வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். முதிர்ந்த ராட்சத செக்கோயாவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. உறைபனி கடுமையாக இருந்து, மண்ணில் ஈரமும் நின்றால் டான் ரெட்வுட்தான்.

அப்புறம், கன்று வாங்கும் விஷயம். கடலோர ரெட்வுட் விதைகளில் பெரும்பகுதி முளைக்காது. முளைத்தவையும் ஆளுக்கொரு மாதிரி வளரும். ஆப்டாஸ் ப்ளூ, சோக்கெல் போன்ற ரகங்களைக் குச்சி வேர்விடச் செய்துதான் பெருக்குகிறார்கள். நேராக எழுந்த தளிரிலிருந்து எடுத்த குச்சியா என்று கேட்டு வாங்குங்கள். பக்கக் கிளையிலிருந்து எடுத்த கன்று நிமிராமல் பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும்.